ஊசி வைத்தியத்துக்குப் போறீங்களா?

எனக்கு வயது 54. கொடைக்கானல்வாசி. 7,000 அடி உயரத்தில் குளிரோடு மேடும் பள்ளமும் ஏறி இறங்கியதில் இரண்டு வருஷமாக முழங்கால் வலி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்களே என்று, மலை இறங்கி ஒரு அக்குபஞ்சர் வைத்தியரிடம் போனேன்.

ஊசி என்றதும் பயந்தேன். தலைமுடி மாதிரி மெல்லிசு. எறும்பு கடித்தது போல ஒரு சுருக், அவ்வளவுதான். அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. ஆறாவது தடவைக்குப் பிறகு வலி குறைந்து, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நிற்காமல் நடந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். "சர்க்கரை மாத்திரையும் வேண்டாம்மா, உடம்பே சரி பண்ணிக்கும்" என்றார். நம்பி நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் தலைசுற்றல், ராத்திரி பூரா தாகம். பரிசோதித்தால் சர்க்கரை 380! மகள் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதால் பிழைத்தேன்.

இந்த வைத்தியத்தைச் சீனாவில் கற்று நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர், 1938-ல் டாக்டர் கோட்னிஸோடு அங்கே போன டாக்டர் பி.கே. பாசு. அவரே ஆங்கில மருத்துவம் படித்தவர்தான்! வலிக்கு ஊசி, சர்க்கரைக்கு மாத்திரை என்று இரண்டும் சேர்ந்து போகக் கூடாதா என்ன?

சகோதரிகளே, போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை மட்டும், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நான் பட்டது போதும்.

— ஒரு வாசகி, கொடைக்கானல்.