பட்டம் பெற்ற வயதும் வருங்காலக் கணிப்பும்

சதுரங்கத்தின் உயரிய தகுதியான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை எட்டிய வயதைக் கொண்டே சென்னைச் சிறார்களின் எதிர்காலத்தை ஒப்பிட்டுவிடலாம் என்னும் வாதம், கண்முன் இருக்கும் சான்றுகளைக்கூடப் பொருட்படுத்தவில்லை. மயிலாப்பூரை அடுத்த ஆழ்வார்பேட்டையில், சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகி, பின்னாளில் உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த், அப்பட்டத்தை 1988இல், தமது 18ஆம் வயதில்தான் பெற்றார். இந்த அளவுகோலின்படி இன்று அவரைத் திரும்பிப் பார்க்கவும் ஆள் இராது. இன்றைய சென்னை ஆட்டக்காரர் குகேஷின் வளர்ச்சியிலும் கவனிக்கத்தக்கது வயதன்று, பயிற்சி முறையே: நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல்களாகிய என்ஜின்களை, அவர் கிராண்ட்மாஸ்டருக்குரிய வலிமையை எட்டும்வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அண்ட விடவில்லை, அவ்வாறு தாமே கணக்கிட்டுப் பழகியவர்தான் 2024இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகப் பட்டம் சூடினார். அதற்கு முந்தைய ஆண்டே உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை சென்ற மற்றொரு சென்னை ஆட்டக்காரர் பிரக்ஞானந்தாவோ, பட்டம் பெற்ற வயதில் குகேஷைவிடச் சுமார் மூன்று மாதம் பிந்தியவர்.