நேற்று நின்றவர் இன்று அமர்ந்தால்

"நேற்று நின்றுதானே தொழுதார்; இன்று நாற்காலி எதற்கு?" பள்ளிவாசலில் இக்கேள்வியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மூட்டுவலி வந்து வந்து போகிறது. பரிசோதனையில் காரணம் தெரியவில்லை. உடனே தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்: சோம்பல், நடிப்பு, ஈமானின் பலவீனம்.

இது மார்க்கமும் அன்று, மருத்துவமும் அன்று. மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அங்கே இயலாமையே அளவுகோல். நோயின் பெயர் அன்று. அமர்ந்து தொழுபவருக்கு இடையிலேயே வலி தணிந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டம். ஒரே தொழுகைக்குள் இயலாமை வந்துபோகும் என்பதை நம் இமாம்கள் அறிந்திருந்தார்கள். நாமோ நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே கூட அதை ஏற்க மறுக்கிறோம்.

முடக்குவாதமும் லூபஸும் தணிந்தும் சீறியும் வருபவை. தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை இயல்பாகவே இருக்கலாம். ஆகவே வலியுறும் சகோதர சகோதரிகளே, ஓதிப்பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். காலை விறைப்பு நீடித்த நேரத்தைக் குறித்துவையுங்கள். வீங்கிய மூட்டைப் படமெடுத்து மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள். மருத்துவம் செய்யுமாறு ஏவியவரும் நம் நபியே.

நலமுள்ள நாமோ நாற்காலியை எடுத்து வைப்போம்; நாவை அடக்குவோம்.