விதை வயலுக்கு வரைபடம் வேண்டும், பக்கத்து வயலுக்குத் தடை வேண்டாம்

விதைப் பயிர்களின் விலகு தூரம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை
நாகல் நகர், திண்டுக்கல்

திண்டுக்கல் சமவெளியில் விதைக்கென்றே பயிர் வைக்கும் உழவர்களின் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். விதைப் பயிர் நிற்கப்போகும் வயல்களை எல்லாரும் பார்க்கக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில் குறிக்க வேண்டுமா, குறித்தால் அந்தக் குறிக்கு என்ன மதிப்பு என்பதே கேள்வி.

எங்கள் நிலைப்பாடு இது. வரைபடம் வேண்டும். அது விதைப்புக்கு முன்பே திறக்கப்பட வேண்டும். அதில் இடும் குறி அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பாக இருக்கட்டும். அவர்கள் நிலத்துக்குத் தடையாக மாறக் கூடாது. விதை கலக்காதிருக்க அதே இனப் பயிரிலிருந்து விட வேண்டிய இடைவெளியே விலகு தூரம்; அதனால் ஆதாயம் பெறுபவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும்.

எந்தப் பயிருக்குத் தேவை

நெல், நிலக்கடலை, உளுந்து ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்பவை. நெல் ரகங்களின் விதைப்பண்ணைக்கு 3 மீட்டர் விலகு தூரம் போதும் என்கிறது இந்தியக் குறைந்தபட்ச விதைச்சான்றுத் தரம். இவற்றுக்கு வரைபடம் வேண்டியதில்லை.

சிக்கல் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில்தான். மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வருகிறது. வெங்காயம், சூரியகாந்தி, பூசணி, முருங்கை ஆகியவற்றின் மகரந்தத்தைத் தேனீயும் வண்டும் சுமந்து வருகின்றன. வீரிய ஒட்டு மக்காச்சோளச் சான்று விதைக்கு 200 மீட்டர் விலகு தூரம் வேண்டும். பக்கத்துப் பயிரின் தானிய நிறம் வேறானால் 300 மீட்டர். வெங்காயச் சான்று விதைக்கு 500 மீட்டர். ஆதார விதைக்கு 1,000 மீட்டர்.

இந்தப் பயிர்களெல்லாம் நம் பகுதியில் உள்ளவை. பழனியை அடுத்த வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ரெட்டியார்சத்திரம் பகுதி உழவர்கள் விதை உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். நாடெங்கும் நடப்படும் பி.கே.எம்.1 செடி முருங்கை, பக்கத்திலுள்ள பெரியகுளத்தில் உருவானது. அதற்கு விதை எடுப்பவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

ஓர் ஏக்கருக்கு 44 ஏக்கர்

சதுரமான ஓர் ஏக்கர் வயலில் மக்காச்சோள விதை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 200 மீட்டர் விட்டால், சுற்றிலும் சுமார் 44 ஏக்கர் அந்த விலகு தூரத்துக்குள் வந்துவிடும். வெங்காயத்துக்கான 500 மீட்டர் என்றால் ஏறக்குறைய 225 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆக, ஒரே ஏக்கர் மக்காச்சோள விதைக்கு இருபதுக்கும் மேற்பட்ட நில உடைமையாளர்களின் பயிர் முடிவு குறுக்கே நிற்கிறது. அத்தனை பேரையும் ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு முடிப்பதற்குள் பட்டம் தவறிவிடும். வரைபடம் தேவை என்று நாங்கள் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

இருக்கும் ஏற்பாடு எங்கே பிந்துகிறது

விதைத்த 35 நாட்களுக்குள் அல்லது பூப்பதற்கு 15 நாட்களுக்கு முன், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் விதைப்பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு விதைச்சான்று அலுவலர் வயலாய்வுக்கு வந்து விலகு தூரத்தைப் பார்க்கிறார். அப்போது 120 மீட்டரில் வேறு மக்காச்சோளம் நின்றால், அந்த வயலோ அதன் ஒரு பகுதியோ விதைப்பண்ணைக் கணக்கிலிருந்து தள்ளுபடியாகிவிடும். விதை, உரம், ஆள்கூலி எல்லாம் செலவான பிறகுதான் இது தெரியவருகிறது.

2023 ஏப்ரலில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் தொடங்கிய ‘சாத்தி’ தளம், விதைப் பை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சொல்வதற்கானது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களையும் இறக்கி நடத்தப்பட்ட மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு, நிற்கும் பயிரைப் பதிவு செய்தது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் அப்படியே. மூன்றுமே பயனுள்ளவை, ஆனால் மூன்றும் விதை மண்ணில் விழுந்த பிறகே பேசுகின்றன. எங்களுக்கு வேண்டிய தகவல் அதற்கு ஒரு மாதம் முந்தியது.

ஓரிகனை அப்படியே பின்பற்ற முடியாது

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கிலும், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பள்ளத்தாக்கிலும் விதை உற்பத்தியாளர்கள் பல பத்தாண்டுகளாக வரைபடத்தில் ஊசி குத்தித் தங்கள் வயல்களைக் குறித்து வந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சூரியகாந்தி உள்ளிட்ட பயிர்களுக்கு இணைய வரைபடமே இருக்கிறது. முன்னால் குறித்தவருக்கு முன்னுரிமை, மோதல் வந்தால் பேசித் தீர்ப்பு என்பதே அடிப்படை.

அது அங்கே எடுபட ஒரு காரணம் உண்டு. முட்டைக்கோஸ், பீட்ரூட், பசலை ஆகியவற்றைச் சந்தைக்கு வளர்ப்பவர் பூக்கும் முன்பே அறுத்துவிடுகிறார். பூக்க விடுபவர் விதைக்காரர் மட்டுமே. மோதல் விதைக்காரர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். பூத்துக் காய்த்தால்தான் பயன் தரும் கனோலா எண்ணெய் வித்து அங்கே நுழைய முயன்றபோது அந்த உடன்பாடு போதவில்லை. 2013-இல் ஓரிகன் சட்டமன்றம் வில்லாமெட் பள்ளத்தாக்கில் கனோலா வணிகச் சாகுபடிக்கு 2019 வரை தடை விதித்தது.

நம் ஊருக்கு இதில் பாடம் இருக்கிறது. சின்ன வெங்காயம் முட்டைக்கோஸ் கட்சி. பேட்டைக்குப் போகும் வெங்காயத்தைப் பூத்தண்டு விடுமுன் பிடுங்கிவிடுவார்கள், கோ.(ஆன்) 5 போன்ற ரகத்துக்கு விதை எடுப்பவர் வயலில்தான் பூ நிற்கும். அவர்கள் மட்டும் குறித்தாலே பெரும்பாலும் போதும். மக்காச்சோளம் கனோலா கட்சி. கோழித் தீவனத்துக்குப் போகும் ஒவ்வொரு வயலும் பூத்தே ஆக வேண்டும். விதைக்காரர்கள் மட்டும் குறிக்கும் வரைபடம் இங்கே பாதி உண்மையைத்தான் காட்டும்.

அதற்காக ஓரிகன் போன வழியில் தடைச் சட்டம் கேட்க மாட்டோம். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம் போடும் மானாவாரி உழவருக்கு அதுதான் ஆண்டு வருமானம். விதைக்காரர் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாகச் சம்பாதிப்பதற்காக அவர் பயிரை மாற்றச் சொல்வது நியாயமில்லை. விலகிக்கொள்ள வழிகள் எங்களிடம் இருக்கின்றன: மானாவாரிப் பயிர் காய்ந்த பின் கிணற்றுப் பாசனத்தில் தைப்பட்டத்தில் விதைப்பது, ஓரத்தில் ஆண் வரிசைகளைக் கூட்டுவது, ஊர் முழுவதும் ஒரே விதைப்பயிராகச் சேர்ந்து போடுவது. எந்த வழி எந்த வயலுக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் வரைபடத்தின் வேலை.

வரைபடம் எப்படி இருக்க வேண்டும்

1. ஒவ்வொரு பட்டத்துக்கும் 30 நாட்களுக்கு முன் திறக்க வேண்டும். விதைக்க எண்ணும் பயிரைக் குறிக்கலாம். விதைத்ததும் உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாத குறி தானாக நீங்க வேண்டும்.

2. புள்ளி போதாது, வயலின் எல்லை வேண்டும். சதுரமான இரண்டு 5 ஏக்கர் வயல்கள் நேரெதிரே இருந்து, நடுப்புள்ளிகளுக்கிடையே 300 மீட்டர் இருந்தாலும், வரப்புக்கு வரப்பு சுமார் 158 மீட்டர்தான். வரைபடம் ‘சரி’ என்னும். வயலாய்வு ‘தள்ளுபடி’ என்னும். சர்வே எண்ணும் உட்பிரிவும் கொண்ட புலப்படம் வருவாய்த் துறையிடம் ஏற்கெனவே இணையத்தில் உள்ளது. அதன் மேலேயே இதை அமைக்க வேண்டும்.

3. இடத்தோடு பூக்கும் வாரமும் வேண்டும். பக்கத்து வயலில் ஒரே பயிர் நின்றாலும், இரண்டும் பூக்கும் காலம் முழுமையாக விலகினால் கலப்புக்கு வழியில்லை.

4. பயிரும் அதன் வகையும் போதும். ரகப் பெயரும் பெற்றோர் வரிசையும் வெளியே தெரிய வேண்டாம். வீரிய ஒட்டின் பெற்றோர் விதை களவு போகும் பொருள். உழவரின் பெயரும் கைபேசி எண்ணும் பொதுப் பார்வைக்கு வரக் கூடாது. தொடர்பு அலுவலகம் வழியாக நடக்கட்டும்.

5. சான்றுக்கு வராத விதைக்கும் இடம் வேண்டும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. நாட்டுக் கத்தரியையும் சுரையையும் காத்து வருபவர் பதிவுக் கட்டணம் கட்டாததால் வரைபடத்தில் காணாமல் போகக் கூடாது.

6. ‘முந்திக் குறித்தவருக்கு முன்னுரிமை’ என்பது விதைக்காரர்களுக்கிடையே மட்டும் செல்ல வேண்டும். அதிலும், பல ஆண்டுகளாக ஓர் இடத்தில் விதை காப்பவருக்கும் நின்றுகொண்டிருக்கும் முருங்கைக்கும் முதலிடம். ஒரு நிறுவனம் ஒரே நாளில் ஊரையே குறித்து வைத்துக்கொள்ள இடம் தரக் கூடாது.

7. கைபேசி இல்லாதவர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாய்மொழியாகச் சொல்லிக் குறிக்கவும் ஒப்புகைச் சீட்டு பெறவும் வழி வேண்டும். வட்டாரத்தின் குறிகளைப் பட்டந்தோறும் அச்சிட்டு அங்கே ஒட்ட வேண்டும்.

எவற்றை எதிர்க்கிறோம்

தானியத்துக்கோ சந்தைக்கோ பயிரிடுபவர் வரைபடத்தில் குறித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்க்கிறோம். குறித்தால் விதை மானியத்தில் முன்னுரிமை போன்ற ஊக்கம் இருக்கட்டும். வரைபடத் தகவலைக் கடன், காப்பீடு, இழப்பீடு ஆகியவற்றை மறுக்கப் பயன்படுத்துவதை எதிர்க்கிறோம்.

விதை நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் கலப்பு ஆபத்து முழுவதையும் உழவர் தலையில் கட்டும் பிரிவுகளையும் எதிர்க்கிறோம். குறியிட்டு, விதிப்படி விலகு தூரம் விட்ட பின்னும் வயல் தள்ளுபடியானால், சாகுபடிச் செலவை நிறுவனம் தர வேண்டும். பக்கத்து வயல்காரர் ஒரு பட்டம் பயிரை மாற்றச் சம்மதித்தால், அதற்கான தொகையும் விதைப்புக்கு முன் எழுத்தில் வர வேண்டும்.

யார் செய்ய வேண்டியது

விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இந்த வரைபடத்தை நடத்த வேண்டும். தனியார் செயலியிடம் விடக் கூடாது. முதலில் திண்டுக்கல் மாவட்டத்தில் வெங்காய விதைக்கு மட்டும் ஒரு பட்டம் நடத்திப் பார்க்கலாம். விதைக்காரர்கள் மட்டுமே குறித்தால் போதும் என்பதால் அது எளிது. அதில் தேறிய பிறகு மக்காச்சோளத்துக்குப் போகலாம்.

அரசு தளம் வரும்வரை எங்கள் உறுப்பினர்கள் சர்வே எண்ணோடு தங்கள் விதைப்புத் திட்டத்தை ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் வட்டார அலுவலகத்தில் எழுத்தில் கொடுப்பார்கள். விலகு தூரத்துக்குள் நிலம் உள்ளவர்களை நேரில் பார்த்துப் பேசுவார்கள். சம்மதிக்காத அக்கம்பக்கத்தார் மீது எந்தப் புகாரும் கொடுக்க மாட்டார்கள். விலக வேண்டியது நாங்கள் என்றால் வயலையோ பட்டத்தையோ நாங்களே மாற்றிக்கொள்வோம். இதே ஒழுங்கை இந்த மாவட்டத்தில் விதை ஒப்பந்தம் போடும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் எதிர்பார்க்கிறோம்.