பழைய ஜென் போதும்

"பென்ஷன் வாத்தியாருக்கு எதற்கு பழைய மாருதி ஜென்?" என்று மாட வீதியில் கேட்கிறார்கள். 993 சிசி, 50 குதிரைத்திறன், எடை முக்கால் டன். 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டுகிற சந்தோஷம் கிடைக்கிறது. உங்கள் எஸ்யூவியில் அது 120-ல்தான் தொடங்கும்!

பிள்ளைகளே, பழைய வண்டி வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். அடியில் துரு, பிரேக், டயரில் பொறித்த வாரமும் வருடமும், 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்சி புதுப்பித்த தேதி. இவற்றைப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு புது டயர்.

வேகம்தான் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. ஈசிஆர் அதற்கல்ல. என்னிடம் படித்த ஒருவன் அங்கேதான் போனான். அவன் அம்மாவை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியமில்லை.