கோழி, முயல், நண்டு, கணவாய்

கீழக்கரைக்குக் கிழக்கே உள்ள பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைக்கும் என்பது வரலாறு படிப்பவர்களுக்குப் பழைய செய்தி. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் இங்கே ஆராய்ந்த சில்லுகளில் பெரும்பாலானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றைக் கொண்டுவந்த கப்பல்களில் பீங்கானோடு ஒரு கணக்கும் வந்து இறங்கியிருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன். ஆசைதான், ஆதாரம் கேட்காதீர்கள்.

கணக்கு இது. ஒரு கூண்டில் காட்டுக்கோழியும் முயலும் அடைபட்டிருக்கின்றன. தலை 35, கால் 94. எது எத்தனை? சுன் ட்சு என்பவர் பெயரில் சீனாவில் வழங்கும் ஒரு பழைய கணித நூலில் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நூல். விடை சொல்லும் வழி அழகு: காலைப் பாதியாக்கு, 47. அதில் தலையைக் கழி, 12. முயல் பன்னிரண்டு, மீதி 23 கோழி. கோழி ஒற்றைக் காலிலும் முயல் இரண்டு காலிலும் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். தலையை விட அதிகமாக இருக்கும் கால் ஒவ்வொன்றும் ஒரு முயலைக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானில் இதே கணக்கு கொக்கும் ஆமையுமாக மாறி இன்றுவரை பள்ளிப் பிள்ளைகளைப் படுத்துகிறது.

நம் ஊரில் இது ஒன்பதாம் வகுப்பில் வருகிறது, இரு மாறிகளில் நேரியல் சமன்பாடுகள் என்ற பெயரில். அக்கா மகள் பெரியபட்டினத்தில் அந்த வகுப்புதான் படிக்கிறாள். பிரதியிடல் முறை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. இந்த ஊரில் முயலுக்கு எங்கே போவது? அவள் அப்பா நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர். ஆகவே கணக்கை மாற்றினேன்.

நண்டுக்குக் கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் கால் பத்து. பேய்க்கணவாய்க்கு எட்டு. கூடையில் இரண்டும் சேர்த்து 15 உருப்படி, கால் 138. புத்தகம் எக்ஸ், ஒய் என்று போடும். நாங்கள் ந, பே என்று போட்டுக்கொண்டோம்.

ந + பே = 15
10ந + 8பே = 138

தெரியாதது இரண்டு இருப்பதுதான் தொல்லை. முதல் வரியிலிருந்து பே = 15 − ந என்று தெரிகிறது. அதாவது நண்டல்லாத எல்லாமே பேய்க்கணவாய். இரண்டாம் வரியில் பே இருக்கும் இடத்தில் அதைத் தூக்கி வைத்தால் தெரியாதது ஒன்றாகிவிடும். முறை இவ்வளவுதான். இதை முதல் வரியிலேயே திரும்ப வைத்துவிட்டு 15 = 15 என்று முழிக்கும் பிள்ளைகளும் உண்டு. கிடைத்த செய்தியைச் சொன்னவரிடமே திருப்பிச் சொன்னால் புதிதாக என்ன வரும்?

இவள் சரியான இடத்தில்தான் வைத்தாள். ஆனால் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது எட்டை 15க்கு மட்டும் கொடுத்துவிட்டு, ந-வுக்குக் கொடுக்கவில்லை. 10ந + 120 − ந = 138. அப்படியானால் 9ந = 18, நண்டு 2, பேய்க்கணவாய் 13. இந்தத் தப்பில் உள்ள விஷமம், விடை பின்னமாக வராமல் முழு எண்ணாக வந்து நிற்பதுதான். கூட்டினால் 15 வேறு சரியாக வருகிறது. பிள்ளை இரட்டைக் கோடு போட்டு நோட்டை மூடிவிட்டாள்.

"காலை எண்ணிப் பாரு" என்றேன். இருபதும் நூற்று நான்கும் 124. பதினான்கு கால் குறைகிறது. இரண்டாம் சமன்பாட்டில் போட்டுப் பார்க்காத விடை விடையே அல்ல. எட்டை ந-வுக்கும் கொடுத்தால் 10ந + 120 − 8ந = 138, அதாவது 2ந = 18. நண்டு 9, பேய்க்கணவாய் 6. எழுதாமலே இதைப் போடலாம். எல்லாம் பேய்க்கணவாய் என்று வைத்தால் கால் 120. மிச்சம் 18, நண்டு ஒன்றுக்கு இரண்டு. 2ந = 18 என்ற வரி சொல்வதும் இதைத்தான்.

எல்லா இடத்துக்கும் பிரதியிடல் முறை தோதுப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்துச் சமணக் கணிதர் மகாவீரர் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய கணிதசார சங்கிரகத்தை 1912இல் ரங்காச்சாரியார் மொழிபெயர்த்துச் சென்னையில் வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு: 9 கடாரங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 கடாரங்காயும் 9 விளாம்பழமும் 101. தனியாக நிற்கும் எழுத்தே இல்லை. பிரதியிட்டால் ஏழின்கீழ் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். மகாவீரர் 9ஆல் 107ஐயும் 7ஆல் 101ஐயும் பெருக்கி, கழித்து, வந்த 256ஐ 81க்கும் 49க்கும் உள்ள வித்தியாசமான 32ஆல் வகுக்கிறார். கடாரங்காய் 8. விளாம்பழம் 5. தேர்வுத்தாளில் 'பிரதியிடல் முறையில் தீர்க்க' என்று கட்டளை போடுவதைவிட, எந்த முறை எதற்குத் தோது என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடலாம். எனக்கு அந்தக் கட்டளையில் உடன்பாடு இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு கொடுத்தேன். கூடையில் நண்டும் கணவாயும் 20 உருப்படி, கால் 200. பேய்க்கணவாய் இல்லை, சாதாக் கணவாய். அதற்குக் குட்டைக் கை எட்டு, நீளக் கை இரண்டு, ஆகப் பத்து. அவள் ஒழுங்காக அடைப்புக்குறி பிரித்தாள். 10ந + 200 − 10ந = 200.

"ந-வைக் காணோம் மாமா. 200 = 200ன்னு வருது. எங்கயோ தப்பு விட்டுட்டேன்."

தப்பில்லை. இரண்டுக்கும் கால் பத்தே என்றால், கால் கணக்கு தலைக் கணக்கைத்தான் பத்து மடங்காக்கித் திருப்பிச் சொல்கிறது. நண்டு பத்தாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். எண்ணற்ற தீர்வுகள் என்று புத்தகம் இதைச் சொல்லும். கூடையில் பாதி நண்டு இருக்க முடியாது என்பதால் நமக்கு 21 தீர்வுதான். பாடத்தின் கடைசியில் வரும் இந்த இடத்தை நான் முதலிலேயே நடத்துவேன்.

"சரி, அதே 20 உருப்படி, கால் 199 என்றால்?"

தீர்வு இல்லை என்ற விடையை எதிர்பார்த்தேன். பேனாவைக்கூட எடுக்கவில்லை அவள். "வலையிலருந்து கழட்டயில ஒரு நண்டுக்குக் கால் ஒடிஞ்சிருக்கும் மாமா."