வெறுங்காலும் உலகக் கிண்ணமும்

சென்ற ஆண்டு எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றிக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச விரும்பினாள். 2026 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிகளைக் கனடா, ஐக்கிய அமெரிக்கா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவாக வழங்குவதென 2018 இல் தீர்மானிக்கப்பட்டு, போட்டி நிகழும் நகரங்களுள் டொரன்டோவும் ஒன்றெனத் தெரிவுசெய்யப்பட்ட நாள்முதல், பிக்கரிங் பூங்காக்களில் பந்தும் கையுமாகத் திரியும் பிள்ளைகளின் பேச்செல்லாம் அதுவாகவே இருந்து வந்தது. "தமிழில் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது?" என்று அவள் கேட்டாள். நான் சிறிதும் தயங்காமல் ஒரு கதையைச் சொல்லிக் கொடுத்தேன்.

அக்கதையை வாசகர்களும் அறிந்திருப்பர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் வெறுங்காலுடன் ஆடி உலகையே வியக்கவைத்தனர். அதனைப் பொறுக்கமாட்டாத ஐரோப்பியர், சப்பாத்து அணியாதோர் ஆடலாகாதென்று சட்டம் இயற்றினர். 1950 ஆம் ஆண்டு பிரேசிலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றிருந்தும், காலில் சப்பாத்து இல்லாத ஒரே குற்றத்துக்காக இந்திய அணி தடுக்கப்பட்டது. இதுவே கதை. என்னுடைய ஆசிரியர் ஒருவர் வேப்பமர நிழலில் வைத்து எங்களுக்கு இதனைச் சொன்னபோது, நாங்கள் எமது வெறுங்கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டோம். பின்னர் நான் ஆசிரியனாகியபோது அதே கதையை அதே ஏற்ற இறக்கத்தோடு பல வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்களென்று எண்ணிப் பார்க்க இப்போது அச்சமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவி எழுதிய பேச்சைக் கொண்டுவரவில்லை. இரண்டு தாள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று 1948 ஆம் ஆண்டின் இந்திய ஒலிம்பிக் உதைபந்தாட்ட அணியின் பெயர்ப்பட்டியல்; மற்றையது 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியின் பெயர்ப்பட்டியல். "சேர், 1950 இல வெறுங்காலுக்குத் தடை எண்டால், 1952 இலயும் கன பேர் வெறுங்காலோட விளையாடியிருக்கினமே, அது எப்பிடி?" என்று கேட்டாள்.

என்னிடம் விடை இருக்கவில்லை. அன்று மாலை வீட்டிற்குச் சென்று, முதன்முறையாக, நான் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வந்த ஒன்றைச் சரிபார்த்தேன்.

1948 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் திகதி, இலண்டனின் புறநகரான இல்பேர்டில், சுதந்திர இந்தியாவின் முதலாவது சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி பிரான்சுக்கு எதிராக நடைபெற்றது. அணித்தலைவர் தலிமெரென் ஆவோ என்னும் நாகர். பின்னாளில் மருத்துவராகப் பணியாற்றியவர். வீரர்களுட் பெரும்பாலானோர் வெறுங்காலுடனேயே ஆடினர். முதலில் பிரான்ஸ் ஒரு கோலைப் போட்டது. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதனைச் சமன்செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோலைப் போட்டு 2–1 என வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாகியிருந்தன. அவற்றுள் ஒன்றேனும் வலைக்குள் சென்றிருந்தால் என்று நினைக்கும்போது, எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் மனம் பதைக்கிறது. இதுவரை கதை உண்மையே.

1950 இன் நிலை வேறு. ஆசியப் பிரிவில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியன விலகிக்கொண்டமையால் இந்தியா ஒரு போட்டியிலும் ஆடாமலே தகுதி பெற்றது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகிய நாடுகளோடு ஒரே பிரிவில் அதன் பெயர் இடம்பெற்றது. கடல் கடந்து செல்வதற்கான செலவின் பெரும்பகுதியைத் தாமே ஏற்பதாகப் போட்டியை நடத்தியோர் முன்வந்தனர். அவ்வாறிருந்தும் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அணியை அனுப்பவில்லை. பயிற்சிக்குப் போதிய காலம் இல்லை, அணித் தெரிவில் உடன்பாடு இல்லை என்பன அது கூறிய காரணங்கள். இவற்றுக்கும் மேலாக, அந்நாளில் அவர்களின் கண்ணுக்கு ஒலிம்பிக்கே பெரிதாகத் தெரிந்தது. உலகக் கிண்ணம் என்பது இன்னதென்று பலர் அறிந்திருக்கவில்லை. 1951 இலும் 1952 இலும் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய சைலன் மன்னா முதுமைக் காலத்தில் இதனையே கூறினார். சப்பாத்து இல்லாமையால் விலகினோம் என்பதை அவர் ஏற்கவில்லை.

மாணவியின் கேள்விக்கு விடை இதுதான். ஒலிம்பிக் உதைபந்தாட்டமும் உலகச் சம்மேளனமான பீஃபாவின் விதிகளின்படியே நடைபெற்றது. 1950 இல் வெறுங்காலுக்குத் தடை இருந்திருப்பின் 1952 இல் ஹெல்சிங்கியில் அவர்களைக் களத்தில் இறங்க விட்டிருக்கமாட்டார்கள். இறங்கினார்கள், குளிரிலும் ஈரத்திலும் வழுக்கி, யூகோசிலாவியாவிடம் 10–1 எனத் தோற்றார்கள். அந்த ஒரேயொரு கோலை அகமது கான் போட்டார். அத்தோல்விக்குப் பின்னரே இந்தியச் சம்மேளனம் தன் வீரர்களுக்குச் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. வெள்ளையர் போட்டதாக நான் கற்பித்த சட்டத்தை நம்மவரே, அதுவும் பிந்தி, போட்டுக்கொண்டனர்!

இன்னொன்றையும் நோக்குக. அந்த 1950 ஆம் ஆண்டு பிரேசிலுக்குச் செல்லாதது இந்தியா மட்டுமன்று. ஸ்கொட்லாந்து தகுதி பெற்றும் செல்லவில்லை, துருக்கியும் விலகியது, பிரான்ஸ் இடம் கொடுத்து அழைக்கப்பட்ட பின்னர், பிரேசிலுக்குள் செய்யவேண்டியிருந்த நெடும்பயணத்தைக் கண்டு மறுத்தது. பதினாறு அணிகளுக்கென வகுக்கப்பட்ட போட்டியில் 13 அணிகளே ஆடின. ஒரு பிரிவில் உருகுவேயும் பொலிவியாவும் மட்டுமே எஞ்சின. அப்பிரிவில் ஒரேயொரு போட்டியில் 8–0 என வென்ற உருகுவேயே ஈற்றில் கிண்ணத்தையும் தூக்கிச் சென்றது. விலகிய இவர்களெல்லாம் தரமான சப்பாத்து அணிந்தவர்கள். (எமது தீவைப் பற்றிக் கேட்போருக்கு: இலங்கை 1952 ஆம் ஆண்டுவரை பீஃபாவில் அங்கத்துவமே பெற்றிருக்கவில்லை.)

இவ்வளவையும் மறுவாரம் ஆசிரியர் அறையில் கூறியபோது ஒரு நண்பர் சினந்தார். அவர் சொன்னது முற்றிலும் பொருளற்றதன்று. "இந்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தம் முன்னோரைப் பற்றிப் பெருமைப்பட என்ன இருக்கிறது? முதலிற் பெருமையைக் கொடுப்போம். உண்மையை வளர்ந்தபின் தாமாகத் தெரிந்துகொள்வார்கள்" என்றார். இவ்வாறு எண்ணுவோர் எம்மிற் பலர். மேடை நிகழ்ச்சிகளிலும் மலர்களிலும் நாம் எழுதுவனவற்றிற் கணிசமான பகுதி இவ்வெண்ணத்தின் விளைவே. நானும் அவ்வாறு எழுதியவனே.

எனினும் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. வளர்ந்தபின் தெரிந்துகொள்வார்கள் என்பது உண்மை. அன்று எம்மைப்பற்றி என்ன நினைப்பார்கள் என்பதே கேள்வி. நான் கற்ற காலத்தில் ஆசிரியர் சொன்னதைச் சரிபார்க்க ஒரு நூலகத்துக்கே செல்லவேண்டும். அந்த நூலகமும் எரிந்து கிடந்தது. இங்கு வளரும் பிள்ளை நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி மீள்வதற்குள் சரிபார்த்துவிடுகிறது. நாம் சொன்ன பத்தில் ஒன்று பொய்யெனக் கண்டால் மற்ற ஒன்பதையும் அது ஐயுறும். அந்த ஒன்பதிற் சிலவற்றை அவர்கள் நம்பியே ஆகவேண்டும். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நான் ஒவ்வோர் ஆண்டும் மேல்வகுப்புக்குச் சொல்கிறேன். 97,000 நூல்கள் எரிந்தன என்கிறேன். அதைக் கேட்டும் ஒரு பிள்ளை அடுத்த நாள், "உது வெறுங்கால் கதை மாதிரியோ, சேர்?" என்று கேட்குமாயின் அதற்கு யார் பொறுப்பு? நண்பரிடம் இதைக் கேட்டேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து சென்றார்.

இக்கதை ஏன் இத்தனை ஆண்டு நிலைத்தது என்றும் யோசித்தேன். பிறர் எம்மைக் கதவடைத்துத் தள்ளினர் என்பது கேட்பதற்கு இனிக்கிறது. கதவு திறந்திருந்தது, பயணச்செலவின் பெரும்பகுதியும் தருவதாகச் சொன்னார்கள், பொறுப்பிலிருந்த நம்மவரே போகத் தேவையில்லையென்று இருந்துவிட்டனர் என்பது கசக்கிறது. நாடிழந்து வந்தவர்களாகிய எமக்கு முதல் வகைக் கதைகள் ஏராளம் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை மெய்யும்கூட. அதனாலேயே இரண்டாம் வகையையும் முதல் வகையாக எழுதிவிடும் பழக்கம் எமக்கு எளிதில் வந்துவிடுகிறது.

பெருமை வேண்டுமாயின் அப்பெயர்ப்பட்டியல்களிலேயே போதியளவு இருக்கிறது. 1951 ஆம் ஆண்டு புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் மேவாலால் போட்ட கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றனர். 1948 பட்டியலிலுள்ள அகமது கானும் தன்ராஜும் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் பஞ்ச பாண்டவர் எனப் புகழப்பட்ட ஐவருட் சேர்ந்தவர்கள். 1956 இல் மெல்பேணில் அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என வென்றனர். நெவில் டி சூசா அப்போட்டியில் மூன்று கோல்களைப் போட்டார். அரையிறுதிக்குச் சென்று நான்காம் இடத்தைப் பெற்றனர். ஆசிய நாடொன்று ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டியது அதுவே முதல் முறை. அப்போது எல்லோரும் சப்பாத்து அணிந்தே ஆடினர் என்பதால் இது எவர் வாயிலும் கதையாகவில்லை போலும்.

மெல்பேண் அணியிலே பந்துக் காப்பாளராகச் சென்றவர்களுள் ஒருவர் பீற்றர் தங்கராஜ். மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி நிலைய அணியில் ஆடி, அது 1955 இல் டுராண்ட் கிண்ணத்தை வெல்லத் துணைநின்றவர். அதே அணியில் முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராம், செக்கந்தராபாத்தின் அருகே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறிய குடும்பம். 2023 இல் காலமானார். இவர்களைப் பற்றி எமது பாடப் புத்தகங்களில் ஒரு வரி இல்லை.

இந்த இடத்திலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1948 பட்டியலைக் கண்ட ஓர் ஆசிரியை, "வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், ராமன், எல்லாம் எங்கட ஆக்கள்தானே! அரைவாசி அணி தமிழர் என்று மலரில் எழுதுங்கோ" என்றார். பெங்களூரின் இராணுவக் குடியிருப்பைச் சூழ்ந்து பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்தனர், அங்கே உதைபந்தாட்டம் செழித்தது, மைசூர் அணி 1946 இல் சந்தோஷ் கிண்ணத்தை வென்றது என்பனவெல்லாம் மெய்யே. ஆயினும் பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் தாய்மொழியைத் தீர்மானித்தல் தகாது. எமது மாணவர் இடாப்பிலேயே டேவிட் இருக்கிறான், யூட் இருக்கிறான், நத்தாஷா இருக்கிறாள். நாளை இவர்களின் பெயரைப் பார்த்துவிட்டு எவரேனும் இவர்கள் தமிழரல்லர் என்று எழுதினால் ஏற்போமா? ஆகவே அவ்வரியை எழுத மறுத்தேன். ஆசிரியை இன்னும் என்மீது சிறிது மனத்தாங்கலாகவே இருக்கிறார்.

வரும் ஆண்டிலிருந்து மேல்வகுப்புப் பேச்சுப் போட்டிக்கு ஒரு விதியைச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். வரலாறு பற்றிப் பேசும் மாணவர், தாம் சொல்வது எதிலிருந்து பெறப்பட்டது என்பதை நடுவரிடம் கொடுக்கவேண்டும்: ஒரு பட்டியல், ஒரு பத்திரிகைச் செய்தி, அல்லது நேரிற் கண்ட ஒருவரின் வாய்மொழி. ஆசிரியர் சொன்னார் என்பது போதாது. இது பிள்ளைகளுக்குச் சுமை என்று சில பெற்றோர் கருதுகின்றனர். உண்மையிற் சுமை எங்கள் தலையிலேயே விழும்.

அம்மாணவி தன் பேச்சை மாற்றி எழுதினாள். ராமன் போட்ட கோலில் தொடங்கி ஹெல்சிங்கித் தோல்வியில் முடித்தாள். நடுவர்கள் அவளுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தனர். முதற் பரிசு வேறொரு பேச்சுக்குச் சென்றது. அதிலே கூறப்பட்டவற்றை நான் சரிபார்க்கவில்லை.

போட்டி முடிந்ததும் எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பேத்தியை அழைத்துவர ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடசாலை வாயிலில் நிற்பவர். இளமையில் ஊர்க் கழகத்துக்காக, அறுவடை முடிந்த வயலில், வெறுங்காலுடன் ஆடியவர். பெருவிரல் நகம் பெயர்ந்த வடுவைச் சப்பாத்தைக் கழற்றி ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறார். "மாஸ்ரர், நீர் பிள்ளையளுக்குப் பிழையாய்ச் சொல்லிக் குடுத்திட்டீர். வெள்ளைக்காரன்தான் விடயில்லை. நாங்கள் அந்த நாளையிலேயே கேள்விப்பட்டனாங்கள்" என்றார். நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் சந்திக்கும்போதெல்லாம் அதையே கேட்கிறார். வரும் சனிக்கிழமை 1952 பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அவரிடம் கொடுக்கவிருக்கிறேன். அவருடைய கழகத்தின் ஆட்டக்காரர் பெயர்களையும் நினைவிலுள்ளவரை எழுதித் தருமாறு கேட்கவேண்டும். அவை எங்கும் அச்சில் இல்லை.