பெட்டை என்று சொல்லி விற்பதற்கு முன்

நெசவுக் குடும்பங்களிலும் உழவுக் குடும்பங்களிலும் புறக்கடைக் கோழி என்பது வீட்டுப் பெண்களின் கைச்சேமிப்பாகும். பாவு கிடைக்காத வாரத்தில் அடுப்பு எரிவதும், பிள்ளையின் பள்ளிச் செலவில் குறையும் சிறு தொகை நிரம்புவதும் பல வீடுகளில் முட்டை விற்ற பணத்தாலேயே என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆதலால் கோழிக்குஞ்சு வாங்குவதில் நேரும் ஏமாற்றத்தை அற்ப விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

நம் அங்கத்தினருள் கணவரை இழந்த சகோதரியார் ஒருவர், முட்டைக்காக 10 குஞ்சுகளை, “பத்தும் பெட்டை” என்ற உறுதியின்பேரில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். இரண்டைப் பருந்து கொண்டுபோயிற்று. எஞ்சிய எட்டில் ஐந்து, நான்காம் மாதத்தில் கூவத் தொடங்கின. விற்றவர் வேற்றூரார் அல்லர். நம் சங்கத்து அங்கத்தினரே. அவர் ஏமாற்ற எண்ணினார் என்று நாம் கருதவில்லை. தமக்குத் தெரியும் என்று நம்பியே சொன்னார். ஆயினும் தெரியாததைத் தெரியும் என்று நம்பிச் சொன்ன சொல்லால் வந்த நஷ்டம், வேண்டுமென்றே செய்த மோசத்தால் வரும் நஷ்டத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. அதைச் சுமந்தவர் அந்தச் சகோதரியாரே.

இக்காரணத்தால், பிறந்து சில நாளேயான நாட்டுக்கோழிக் குஞ்சைப் பெட்டை என்று பெயர் சொல்லி விற்கும் வழக்கத்தை நம் சங்கத்தார் அறவே கைவிட வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அதற்கான நியாயங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கூர்மையான முட்டையில் சேவலும் உருண்டையான முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்று நம்மிடையே சிலர் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில், நீண்டு கூரிய முட்டையில் பெட்டை பிறக்கும் என்று எழுதினார். பின்னர் வந்த உரோமாபுரி வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவோ, சேவல் வேண்டுவோர் அத்தகைய முட்டைகளையே அடைவைக்க வேண்டும் என்று எழுதினார். பெரியோர் இருவரும் நேர்மாறாகக் கூறியிருப்பதிலிருந்தே, முட்டையின் வடிவுக்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். முட்டையின் வடிவு, இடும் கோழியின் உடலமைப்பையும் வயதையும் பொறுத்தது.

குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய்க்கோழியே. மனிதரில் தந்தையின் வித்து எவ்வாறு பிள்ளையின் பாலை முடிவு செய்கிறதோ, அவ்வாறே கோழியினத்தில் பெட்டையின் கரு முடிவு செய்கிறது. முட்டை வெளிவருவதற்கு முன்பே அது முடிந்துவிட்ட காரியம். முதலை முதலிய சில பிராணிகளின் முட்டைகளில் அடைச்சூட்டின் அளவைப் பொறுத்துப் பால் மாறும். கோழி முட்டையில் அவ்வாறு மாறுவதில்லை. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி சேவலாகவும் பாதி பெட்டையாகவும் பிறக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கும் பாதிக்குப் பாதி பலிக்கும். பலித்தவற்றை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது, பலிக்காதவற்றை மறந்துவிடுகிறது. “கைராசிக்காரர்” என்ற பெயர் இவ்வாறுதான் சிலருக்கு ஏற்படுகிறது.

பிறந்த நாளிலேயே பால் அறியும் முறையே இல்லையோ என்று கேட்கலாம். உண்டு. குஞ்சின் எச்சத்துவாரத்தின் உட்புறத்தில் உள்ள மிகச் சிறிய மொட்டைக் கொண்டு அறியும் முறையை ஜப்பானிய அறிஞர் மசூயி முதலானோர் 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் வகுத்தனர்; 1927-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி மாநாட்டின் வாயிலாக அது பிற நாட்டாருக்கும் தெரியவந்தது. ஆனால் அது நெடுநாள் பயின்ற கைக்கே வரும் வித்தை. பழகாதவர் குஞ்சைப் பிதுக்கினால் குடல் நசுங்கிக் குஞ்சு மடியும். நம் வீடுகளில் எவரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இறக்கை முளைக்கும் வேகத்தைக் கொண்டும், குஞ்சின் நிறத்தைக் கொண்டும் அறியும் முறைகளும் உண்டு. உதாரணமாக, வரியில்லாத கருஞ்சேவலையும் வரியிட்ட இறகுடைய பிளிமத் ராக் பெட்டையையும் சேர்த்தால், சேவற்குஞ்சுகளின் தலையில் மட்டும் வெண்புள்ளி காணும். இவையெல்லாம் தாய் தந்தை இரண்டின் வமிசத்தையும் அறிந்து இணைத்த பண்ணைக் கோழிகளுக்கே பொருந்தும். தெருவெல்லாம் மேய்ந்து, எந்தச் சேவலோடு கூடியது என்று அறிய முடியாத நம் புறக்கடைக் கோழியின் குஞ்சுகளுக்குப் பொருந்துவதில்லை.

அப்படியாயின் நமக்கு உள்ள வழி, பொறுத்திருந்து பார்ப்பது ஒன்றே. எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பருவம் பருவமாகச் சொல்வோம். ஒரே தாயின் ஒரே அடைக் குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமேயன்றி, வெவ்வேறு ஜாதிக் குஞ்சுகளை ஒப்பிடலாகாது.

முதல் மாதத்தில், பெட்டைகளுக்கு வாலிறகு பெரும்பாலும் முந்தி முளைக்கும். சேவல்களின் வால் குட்டையாகவே இருக்கும். இது ஐயத்துக்கு இடம் தருமேயன்றி முடிவு தராது. 5 முதல் 8 வாரங்களில் சேவற்குஞ்சின் கொண்டை சற்று உயர்ந்து சிவக்கும், தாடியும் தலைகாட்டும், கால்கள் தடிக்கும், நிற்கும் நிலையும் நிமிரும். பெட்டையின் கொண்டையோ அப்போதும் சிறுத்து, வெளிறிய மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அசீல் இனத்துக்கும் அதன் கலப்புக்கும் கொண்டை பட்டாணி போல் சிறிதாக அமைந்திருக்கும். கடக்நாத் என்னும் கருங்கோழிக்குக் கொண்டையே கருமை படர்ந்திருக்கும். இவற்றில் கொண்டையை நம்பினால் சேவலைப் பெட்டை என்று சொல்லிவிடுவோம். கால்முள்ளும் இளமையில் நல்ல அடையாளமன்று. அதன் முளை இரு பாலுக்கும் உண்டு.

12-ஆம் வாரத்தை அடுத்து வரும் அடையாளமே உறுதியானது. பறவையைக் கையிலெடுத்து, கழுத்திறகையும், வாலுக்கு முன்னே முதுகின் இரு மருங்கிலும் சரியும் இறகையும் விரித்துப் பாருங்கள். சேவலுக்கு அவை ஒடுங்கி நீண்டு, நுனி கூர்ந்து, பட்டிழைபோல் பளபளக்கும். பெட்டைக்கு அகன்று, நுனி உருண்டு, மங்கலாக இருக்கும். கூவினால் சேவல் என்பது வெளிப்படை. கூவாததால் மட்டும் பெட்டையாகிவிடாது. வலிய சேவல் ஒன்று உள்ள கூட்டத்தில் இளஞ்சேவல்கள் வாய் திறவாமல் இருப்பதுண்டு. பெரிய உடலமைப்புடைய பெருவிடைக் கோழிகளில் முதிர்ச்சி தாமதமாக வருமாதலால், அவற்றுக்கு 16 வாரம் வரையிலும் பொறுப்பது நலம்.

ஐயமுள்ளவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். தறியிலிருந்து விழும் வண்ணத் துணிக்கிழிசலை ஒவ்வொரு குஞ்சின் காலிலும் தளர்வாகக் கட்டி, இரண்டாம் வாரத்தில் எது சேவல், எது பெட்டை என்று எழுதி வையுங்கள். 14-ஆம் வாரத்தில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எமது சொல்லைவிட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும். குஞ்சு வளர வளரக் கட்டு இறுகிக் காலை அறுக்குமாதலால், வாரந்தோறும் அவிழ்த்துக் கட்ட மறக்கலாகாது. நூலால் கட்டவே கூடாது.

பொறுத்திருப்பதென்றால் அதுவரை உயிரோடு வளர்க்க வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தேவை. தாயின் இறகடி கிடைத்தால் வேறு எதுவும் வேண்டா. தாயற்ற குஞ்சுகளுக்கு விளக்கு வைப்போர், அவை விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர் என்றும், மூலைகளுக்கு விலகி இளைத்தால் வெப்பம் மிகுதி என்றும் அறிந்துகொள்ளலாம். நொய்யரிசி, கம்பு இவற்றோடு, பழைய பானையில் சாணமும் ஓலையும் கிழிந்த சாக்கும் இட்டு நீர் தெளித்து இரவில் கவிழ்த்து வைத்துப் பிடிக்கும் கரையான் நல்ல புரத உணவாகும். முட்டையிடும் கோழிக்குரிய சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்கு இடலாகாது, சிறுநீரகம் கெடும். எல்லாவற்றிலும் முக்கியம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு. 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தையும், 8-ஆம் வாரத்தில் போடும் ஊசியையும் கால்நடை மருந்தகத்தாரைக் கேட்டுத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் கூண்டையே காலியாக்கும் நோய் அது.

“மூன்று மாதம் தீனி போட்டு விற்பதென்றால் கட்டுப்படியாகுமா?” என்று விற்போர் கேட்பது நியாயமே. அந்தத் தீனிச் செலவு எப்படியும் ஒருவர் தலையில் விழத்தான் போகிறது. சேவலைப் பெட்டை என்று விற்றால் அது, அறியாமல் வாங்கியவர் தலையில் விழுகிறது. 12 வாரம் வளர்ந்து, தடுப்பூசி போட்டு, நோய்க்கும் பருந்துக்கும் தப்பிய விடைக்கோழிக்கு வாங்குவோர் மனமுவந்து கூடுதல் விலை தருவர். ஏனெனில் குஞ்சுப் பருவத்தின் ஆபத்துகளை அது கடந்துவிட்டது. பிரித்தெடுத்த சேவல்களும் வீணல்ல. முட்டையிடும் ஜாதிகளின் சேவற்குஞ்சுகளைப் பெரும் பொரிப்பகங்கள் பிறந்த அன்றே கொன்றுவிடுவது பல நாடுகளிலும் வழக்கம்; ஜெர்மனி 2022-ஆம் ஆண்டு முதல் அதைச் சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டுச் சேவலுக்கு அந்தக் கதி இல்லை. கறிக்கு நல்ல கிராக்கி உண்டு. தனித்தனியே தரகரிடம் கொடுப்பதை விடுத்து, திருவிழாக் காலங்களில் சங்கத்தின் மூலம் ஒருசேர விற்றால் விலை நம் கையில் நிற்கும்.

முட்டை மட்டும் வேண்டுவோருக்குச் சேவலே தேவையில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். சேவலின்றியும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவே. குஞ்சு வேண்டுவோருக்கு 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, சங்கத்தின் மூலம் விற்கும் இளங்குஞ்சுகளைக் “கலப்புக் குஞ்சு” என்று மட்டுமே குறித்து, எல்லாவற்றுக்கும் ஒரே விலை வைக்க வேண்டும். இரண்டாவது, பெட்டை என்ற பெயரும் அதற்குரிய விலையும் 12 வாரம் நிறைந்து இறகு பார்த்த பிறகே வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, பொரித்த நாளும் தடுப்பூசி நாளும் எழுதிய சீட்டு ஒன்று கோழியோடு கொடுக்கப்பட வேண்டும். பெட்டை என்று சீட்டெழுதியது சேவலானால் சங்கம் மாற்றித் தர வேண்டும்.

இவை புதிய கொள்கைகள் அல்ல. 1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தபோது, கலப்படமில்லாத பண்டம், குறையாத எடை என்பவற்றையே தங்கள் நெறியாகக் கொண்டனர். 40-ஆம் நம்பர் நூலை 60-ஆம் நம்பர் என்று சொல்லி ஒருவர் நம் தலையில் கட்டினால் நாம் பொறுப்போமா? முளைக்காத விதையை முளைக்கும் விதை என்று கொடுத்தால் உழவர் வாளாவிருப்பரா? நூலுக்கும் விதைக்கும் நாம் கேட்கும் நேர்மையை, ஒரு சகோதரியார் தம் கைக்காசு கொடுத்து வாங்கும் கோழிக்குஞ்சுக்கும் நாமே வழங்க வேண்டும்.

வரும் மகாசபையில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்துத் தீர்மானம் நிறைவேற்றுவார்கள் என்று நம்புகிறோம். அதுவரையில், தெரியாத குஞ்சைத் தெரியாது என்று சொல்லி விற்பதை ஒவ்வொரு வீட்டாரும் இன்றே தொடங்கலாம். அதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.